பதினோராம் எண் வாசகரின் திருத்தம்

ஐம்பத்தொரு வயது வரை ஓன்யினை யாரும் 'சயாமா' என்று கூப்பிட்டதில்லை. ரங்கூனில் அது ஒன்றும் பெரிய பட்டம் இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், ஊசி போடுகிறவள், கைரேகை பார்க்கிறவள் எல்லோருமே சயாமாதான், ஆணாக இருந்தால் சயா. ஓன்யின் பர்மிய இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள், இருபத்தேழு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். ஆனாலும் அந்த வார்த்தை அவள் பக்கம் வரவில்லை. என்ன வேலை பார்க்கிறாள் என்று வெளியில் சொன்னால்தானே வரும். அலுவலகத்துக்குள்ளோ அவளுக்குப் பெயரே கிடையாது. வாசகர் எண் பதினொன்று, அவ்வளவுதான்.

ஹிந்தாடாவில் அரிசி ஆலை எழுத்தர் ஒருவரின் இளைய மகள் அவள். எண்பத்தைந்தில் வேலைக்கு உத்தரவு வந்தபோது, புத்தகம் படிக்கிறதுக்கு என் மகளுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பொய் இல்லை. நாட்டில் அச்சேறப்போகும் எதுவும் முதலில் அந்த அலுவலகத்துக்குத்தான் வந்தது. வாரப் பத்திரிகை, நாவல், ராசிபலன், காலண்டர், சோப்பு விளம்பரம் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பதினேழு வாசகர்கள் உட்கார்ந்து படிப்பார்கள். ஆகாத வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் தங்கள் எண்ணை எழுதுவார்கள். படித்து முடித்த தாள்களைக் கயிறு போட்டுக் கட்டி, ராணுவத்தில் இருந்து வந்த மேலதிகாரியான மேஜரின் மேஜைக்கு அனுப்புவார்கள். மேஜர் கையெழுத்துப் போட்டதும் கட்டு மறுபடியும் வாசல் கவுன்ட்டருக்கு வரும். பத்திரிகைக்காரர்கள் அங்கே காலை முதல் நின்றுகொண்டிருப்பார்கள்.

முதல் நாள் எண் நான்கு, அதாவது அந்த அறையில் மூத்தவர், அவளுக்கு வேலையை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார். சந்தேகம் வந்தால் வெட்டு, வெட்டியதற்காக இங்கே இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை என்றார். ஓன்யின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கொடுமைக்காரி இல்லை, தைரியசாலியும் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரண மனுஷி. வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். இதற்கு மேல் அவளுக்காக வக்காலத்து வாங்க எனக்கும் விருப்பமில்லை.

ஒரே ஒரு கிறுக்குத்தனம் மட்டும் அவளிடம் இருந்தது. எழுத்துப்பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது அவள் வேலையே இல்லை. ஆனாலும் பென்சிலை எடுத்துத் திருத்துவாள். அடிக்கப்போகிற பத்தியிலும் முதலில் பிழைகளைத் திருத்திவிட்டு, பிறகுதான் சிவப்புப் பேனாவைத் திறப்பாள். பக்கத்து நாற்காலிக்காரி எண் பன்னிரண்டு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஓன்யினுக்குச் சிரிப்பு வராது. பிழை பிழைதானே என்பாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மழைக்காலத்தில் ஒருநாள், இனி யாரும் எதையும் முன்கூட்டிக் கொண்டுவந்து காட்ட வேண்டாம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. பதினேழு பேரும் சில மாதம் வெறும் மேஜைக்கு முன் உட்கார்ந்து லப்பே என்கிற ஊறவைத்த தேயிலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு திசையில் தூக்கிப் போட்டார்கள். ஓன்யின் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு சான்சௌங் பகுதியில் நாலாம் மாடி வீட்டில் அக்காவோடு உட்கார்ந்தாள். அக்கா மியாயி தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று நம்புகிறவள். பால்கனியில் இருந்து தெருவரைக்கும் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் காலையில் பேப்பர்காரன் பத்திரிகையை மாட்டிவிட்டுப் போவான். ஓன்யின் அதை மேலே இழுத்து, பென்சிலோடு படிப்பாள். இப்போது எல்லாப் பத்திரிகையிலும் எதை வேண்டுமானாலும் எழுதினார்கள், கண்டபடி பிழையோடு எழுதினார்கள். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

ஆகையால், பிழை திருத்த ஆள் தேவை என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் அடுத்த நாளே கிளம்பிவிட்டாள். முப்பத்தேழாம் தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டே அறை. பத்திரிகைத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். இருபத்து நான்கு மாணவர்கள், ஒன்பது மாதப் படிப்பு. செலவை ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு பார்த்துக்கொண்டது. இதற்கு முன் எங்கே வேலை என்று கேட்டார்கள். தகவல் துறையில், பிழைதிருத்தம் என்றாள். சொன்னதில் எந்த வார்த்தையும் முழுப் பொய் இல்லை. மறுநாள் ஒரு மாணவி, "சயாமா, இங்க உக்காருங்க" என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓன்யின் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். அத்தனை சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தின் தலைவர் சயா கோகோலாட். அறுபது வயது, ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை படிந்த பல். அவர் பெயர் தெரியாத எழுத்தாளன் ரங்கூனில் இருக்க முடியாது. எழுதி வெளிவந்த கதைகளால் வந்த பெயர் இல்லை அது, வெளிவராத ஒரு கதையால் வந்தது. தொண்ணூற்றெட்டில் அவர் எழுதிய 'தொண்ணூற்றாறாம் எண் பேருந்து' என்ற கதையை மேலிடம் ஒரு எழுத்து விடாமல் வெட்டிவிட்டது. அதோடு அவர் கதை எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு கால்பந்து வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராகப் போய்விட்டார். வெட்டிய கதையைப் பற்றித் தேநீர்க் கடையில் அவர் சொன்னது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. முதலில் மேஜர் படித்தார். பிறகு மேஜரும் கர்னலும் படித்தார்கள். கடைசியில் அமைச்சகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டு, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வெளிநாட்டு நிருபர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வந்ததும் அந்தக் கதையின் தயவால்தான் என்று சொல்வார்கள்.

அந்தக் கதையின் பெயரைக் கேட்ட அன்றைக்கே ஓன்யினுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கதைகள். நானாக இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நானாக இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டாள். அவளுடைய ஞாபகசக்தி அவ்வளவு மோசமில்லை என்பது அவளுக்கே தெரியும்.

முதல் வருஷம் முடிவதற்குள் பள்ளிக்கூடம் ஒரு கலைச்சொல் புத்தகம் கொண்டுவர முடிவு செய்தது. ஊடகப் படிப்புக்கான சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. மாணவர்கள் அவற்றை மந்திரம் போல் உருப்போட்டார்கள், அர்த்தம் கேட்டால் முழித்தார்கள். பாங்காக்கில் படித்துவிட்டு வந்த மா ப்யூஸின் என்ற இளம் ஆசிரியை நூற்றுப்பன்னிரண்டு சொற்களுக்குப் பட்டியல் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பர்மியச் சொல், விளக்கம், ஒரு உதாரணம். உதாரணம் நம்ம ஊர் உதாரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

இந்த வேலையில்தான் ஓன்யின் கொடிகட்டிப் பறந்தாள். எந்தச் செய்தி உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கிற ஆளுக்கு 'வாயில் காப்பவர்' என்று ப்யூஸின் சொல் போட்டிருந்தாள். பகோடா வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிற பெரியவரா என்று மாணவர்கள் சிரித்தார்கள். ஓன்யின் கொஞ்ச நேரம் யோசித்து, 'வடிப்பவர்' என்று வைக்கலாம் என்றாள். தேநீர் வடிக்காத வீடு இல்லை. என்ன கீழே இறங்குகிறது, என்ன துணியில் தங்கிவிடுகிறது என்று விளக்கவே வேண்டாம். வகுப்பே கைதட்டியது. ஒரே செய்தியை எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பில், எந்தப் படத்தோடு போட்டால் வாசகன் எப்படி எடுத்துக்கொள்வான் என்ற 'சட்டகம்', ஒரு விளம்பரம் சொல்லாமல் சொல்லும் 'உட்பொருள்' எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லையும் படித்தபோது, அட, நான் செய்ததற்கெல்லாம் இத்தனை பெயர் இருக்கிறதா என்று வியந்தாள். வெளியில் சொல்லவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசி மெய்ப்பு அவள் மேஜைக்கு வந்தது. அதுவரை பல சொற்களுக்கு உதாரணம் காலியாக இருந்தது. சயா கோகோலாட் தன் கையால் அவற்றை நிரப்பியிருந்தார். அறுபத்தொன்றாம் சொல்லுக்கு வந்ததும் ஓன்யினின் பென்சில் நின்றது.

'முன்தணிக்கை: ஒரு படைப்பு வெளியாவதற்கு முன்பே அதிகாரத்தில் உள்ளவர்கள் படித்துப் பார்த்து, ஒரு பகுதியையோ முழுவதையுமோ நீக்குவது. உதாரணம்: 1998இல் தொண்ணூற்றாறாம் எண் பேருந்து என்ற சிறுகதை மேலிடத்தில் மூன்று சுற்று வாசிக்கப்பட்டது. பேருந்துக்குக் காத்திருக்கும் மக்கள் நாட்டின் நிலையைக் குறிப்பதாக முடிவு செய்யப்பட்டு, கதை முழுவதும் நீக்கப்பட்டது.'

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் விஷயம் முழுக்கத் தப்பு. அது தப்பு என்று உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

பதினைந்து வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்குள் நாற்பது கதை முடிக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் கொசுவர்த்தி விளம்பரத்தில் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டாள் என்று மேஜர் அவளை அத்தனை பேர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியிருந்தார். எண் பன்னிரண்டைத் தண்டனையாக வடக்கே மலைக்கு மாற்றியிருந்தார்கள். கையில் வந்த கதையில் மழையில் ஒரு பேருந்து நிறுத்தம். பேருந்து வரவில்லை. ஆட்கள் காத்திருந்தார்கள். இன்னும் காத்திருந்தார்கள். எத்தனை தடவை என்று ஓன்யின் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது. இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று மேலே கேட்டால் என்ன பதில் சொல்வது. பேருந்துக்காக என்று சொன்னால் நம்புவார்களா. பத்தொன்பதில் எதை வெட்டி எதை விடுவது என்று தெரியாமல் முதல் எழுத்தில் இருந்து கடைசிப் புள்ளி வரை அடித்து, பதினொன்று என்று எழுதினாள். மேலே யாரும் கேட்கவில்லை. மேஜர் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். கட்டின் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் மேல்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஓன்யின் மெய்ப்பைப் புரட்டி எழுபத்து நாலாம் சொல்லுக்குப் போனாள். 'சுயதணிக்கை: யாரும் சொல்லாமலே, பின்னால் என்ன வருமோ என்ற அச்சத்தால் எழுதுபவர் தன் எழுத்தைத் தானே வெட்டிக்கொள்வது.' உதாரணம் இல்லை. நூற்றுப்பன்னிரண்டில் இது ஒன்றுக்கு மட்டும்தான் உதாரணம் இல்லை. போன வாரம் ப்யூஸின் இதைப் பற்றிப் புலம்பியிருந்தாள். அப்படிச் செய்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, எங்கே போய் உதாரணம் தேடுவது என்றாள்.

மெய்ப்பை வீட்டுக்கு எடுத்துப் போனாள். திருத்தினால் தான் யார் என்று சொல்லியாக வேண்டும். அந்த நாற்காலி, அந்த 'சயாமா', எல்லாம் ஒரே நாளில் போய்விடும். திருத்தாவிட்டால் அச்சாகிற பொய்க்குக் கீழே பிழைதிருத்தம் என்று அவள் பெயரே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மோஹிங்கா சாப்பிட்டபடியே அக்காவிடம் சொன்னாள். மியாயிக்குப் பொறுக்கவில்லை.

"எழுத்துக்குக் கால் இருக்கா, கொம்பு இருக்கான்னு பாக்கத்தானே உன்னைக் கூப்பிட்டாங்க? பாத்துட்டுப் பேசாம குடுத்துட்டு வா. நடந்ததையெல்லாம் திருத்தச் சொல்லி உன்னை எவன் கேட்டான்?"

"தப்புன்னு தெரிஞ்சே எப்படிக்கா விடறது?"

"இருபத்தேழு வருஷம் எப்படி விட்டியோ அப்படித்தான்."

ஓன்யின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அறுபத்தொன்றின் உதாரணத்தைச் சுற்றிக் கோடு போட்டு, எழுபத்து நாலுக்கு ஒரு அம்புக்குறி இழுத்தாள். விளக்கத்தில் 'எழுதுபவர்' என்பதை 'எழுதுபவரோ படிப்பவரோ' என்றும், 'தன் எழுத்தைத் தானே வெட்டிக்கொள்வது' என்பதை 'எழுத்தை வெட்டுவது' என்றும் மாற்றினாள். பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்:

'உதாரணம்: 1998இல் தொண்ணூற்றாறாம் எண் பேருந்து என்ற சிறுகதையை வாசகர் எண் 11 மட்டும் படித்தார். நீக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. காத்திருந்தார்கள் என்ற சொல் பத்தொன்பது முறை வந்தது. எதற்காக என்று மேலே கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முழுக் கதையையும் நீக்கினார். மேலே யாரும் கேட்கவில்லை.'

திங்கட்கிழமை காலை அதை ப்யூஸினிடம் கொடுத்தாள். ப்யூஸின் படித்தாள், மறுபடியும் படித்தாள். ஆசிரியை புத்திதான் முதலில் வந்தது.

"இது யார் குடுத்த தகவல், சயாமா? ஆதாரம் வேணுமே."

"நான்தான்."

"நீங்க விசாரிச்சீங்களா?"

"இல்லம்மா. அந்தப் பதினொண்ணு நான்தான்."

ப்யூஸின் திட்டுவாள், கத்துவாள் என்று ஓன்யின் எதிர்பார்த்தாள். அந்தப் பெண்ணோ, இந்தப் புத்தகத்திலேயே உருப்படியான உதாரணம் இதுதான், உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒன்று இருக்காது என்று தாளை எடுத்துக்கொண்டு சயாவின் அறைக்கு ஓடினாள். இளம்பிள்ளை. அந்த அறைக்குள் இருப்பவருக்கு அது வெறும் உதாரணம் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சயா கோகோலாட் மெய்ப்பை மேஜையில் விரித்து வைத்திருந்தார். ப்யூஸினை வெளியே போகச் சொன்னார். ஓன்யினை உட்காரச் சொன்னார்.

"நீங்கதான்னு எனக்கு முதல் வாரமே தெரியும், சயாமா" என்றார்.

ஓன்யின் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வெட்டின கதையை நான் பத்திரமா வெச்சிருக்கேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில பென்சில்ல ஏழு பிழை திருத்தியிருக்கு. டீக்கடையில சொல்லிச் சிரிப்பேன். அந்த ஆபீஸ்ல ஒரு மகராசன் இருக்கான், கழுத்தை வெட்டறதுக்கு முன்னாடி சட்டைப் பொத்தானைச் சரி பண்ணி விடுவான்னு. நீங்க முதல்ல குடுத்த மெய்ப்பைப் பாத்தேன். அதே கையெழுத்து. மகராசன் இல்ல, மகராசின்னு தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வேலை குடுத்தீங்க, சயா?"

"உங்களை மாதிரிப் பிழை பாக்க இந்த ஊர்ல வேற ஆள் இல்ல. அதோட, மேல இருந்து சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க. உங்க மேல எனக்கென்ன கோவம்? எப்பவோ மன்னிச்சாச்சு."

இவ்வளவு நாளாகத் தன்னை மன்னித்துவிட்ட ஒருவரிடம் வேலை பார்த்திருக்கிறோம் என்பது ஓன்யினுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு நன்றி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் மன்னித்தது வேறு யாரையோ. அதை அவருக்குச் சொல்லாமல் விட முடியாது என்று நினைத்தாள்.

"மேல இருந்து யாரும் சொல்லலை, சயா."

"எழுதியிருக்கீங்களே, பாத்தேன்." அவர் தாளைத் தொட்டார். "மேஜர்கூடப் படிக்கலையா?"

"இல்ல."

"அமைச்சகத்துக்குப் போகலை?"

"கட்டோட கையெழுத்து ஆச்சு. கயித்தைக்கூட அவுக்கலை."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கீழே தெருவில் பழைய புத்தகக்காரர் தார்ப்பாயில் நிற்கும் மழைத் தண்ணீரைக் கம்பால் தள்ளிவிடும் சத்தம் கேட்டது. பதினைந்து வருஷமாக அமைச்சகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அவருக்கு மிச்சம் இருந்தது எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளை மட்டும்தான். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கதை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, சயா" என்றாள் ஓன்யின். "அந்தப் பொம்பளை, பக்கத்துல நிக்கற முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கும் சேர்த்துக் குடையை மாத்திப் பிடிப்பாளே, அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். நேரமே இல்ல அன்னிக்கு. ஆனாலும் படிச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கதையைப் பற்றி ஒரு வாசகர் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கதை வெட்டுப்பட்டதைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

பிறகு மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார். அவள் ஓரத்தில் எழுதியிருந்த வரிகள் மேல் ஒரு கோடு போட்டார். இன்னொரு கோடு போட்டார். அம்புக்குறியை நடுவில் வெட்டினார். 'படிப்பவரோ' என்பதையும் அடித்தார்.

"புத்தகத்துல இடம் பத்தாது, சயாமா" என்றார்.

ஓன்யின் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை அவளே போட்ட கோடுகள்தான். மேஜையின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. கோட்டுக்கு அடியில் தன் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தாள். ஆறே ஆறு வரிகளுக்கே இப்படி வலித்தது. ஒரு முழுக் கதைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் மேல் கோபம் வரவில்லை. அவரிடம் இருந்தது அமைச்சகமே படித்த கதை என்ற அந்தப் பெருமை ஒன்றுதான், அதையும் அவள் கேட்டால் எப்படித் தருவார். மெய்ப்பை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்கு வழக்கம்போல வாருங்கள், தேர்வுத்தாள் திருத்துகிற வேலை இருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் வேலை போகவில்லை.

ப்யூஸின் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சயாவிடம் வாதாடிப் பார்த்தாள், எடுபடவில்லை. ஓன்யினைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்த மட்டில் நல்ல பெண். புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சாகி வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அறுபத்தொன்றாம் சொல்லுக்குக் கீழே அமைச்சகம் அந்தக் கதையை மூன்று சுற்று வாசித்துக்கொண்டிருந்தது.

புது வகுப்பு தொடங்கிய வாரம், பிற்பகல் நேரம். சயா கோகோலாட் முன்னால் மேஜையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் ஆளுக்கொரு பிரதியோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓன்யின் சுவரோரம் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாத்தைனில் இருந்து வந்திருந்த ஒரு பெண், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசியவள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். நீங்கள்தானே இதற்குப் பிழை பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"எல்லாத்துக்கும் உதாரணம் இருக்கு, சயாமா. இந்த எழுபத்து நாலுக்கு மட்டும் இல்லை. நீங்க ஒண்ணு சொல்லுங்களேன், எழுதிக்கறேன்."

ஓன்யின் தலையை நிமிர்த்தினாள். சயா கோகோலாட் பத்திரிகையில் இருந்து பார்வையை எடுக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பப்போன கை பாதியில் நின்றிருந்தது. சொல்லக்கூடாது என்று அவளிடம் அவர் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கு முன்பும் சொல்லவில்லை. நாட்டிலும் அப்போது எதையும் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கவில்லை. அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள் ஓன்யின்.